தண்ணீர் ஏறாத நார்

பிப்ரவரி 17, செவ்வாய்

விடியற்காலையில் கடும் பனி. எதிரே இருக்கும் சாமை மில்லின் கூரைகூடத் தெரியவில்லை. விரல் மரத்துப்போய் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.

குப்பம்மாக்கா ஞாயிறு முதல் லீவு. செங்கத்தில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. ஆய்வறையைக் கூட்டியது, கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவியது எல்லாம் இன்று நானே.

இன்றைய வேலை:
– தண்ணீர் அளவு
– புது நார்க்கட்டில் ஆறு மாதிரி
– திட்டத் தலைவர் சாருக்கு வார மெயில்
– கேஸ் சிலிண்டர் (போன வாரமும் மறந்தாய்)

முதல் வேலையிலேயே நின்றுபோனேன். தண்ணீர் 72.9.

சரியான அளவு அதுதான். பிளாட்டினத் தகட்டைத் தீயில் காட்டி, ஆறவைத்து, தண்ணீரின் மேற்பரப்பைத் தொடவைத்தால் தண்ணீர் அதைக் கீழே இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று தராசு சொல்லும். சுத்தமான தண்ணீர் என்றால் எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நானோ பழைய நோட்டைப் புரட்டினேன்.

ஏனென்றால் போன ஐந்து வாரமாக இதே தராசு, இதே தகடு. 54, 56, 53.

தராசுதான் கோளாறு என்று நினைத்தேன். மலை வளைவுகளில் ஜீப்பில் குலுங்கி வந்த பழைய தராசு. ஒரு திருத்த எண்ணைக் கண்டுபிடித்து, எல்லா அளவையும் அதால் பெருக்கி நோட்டில் எழுதிவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இன்று தராசு தானாகச் சரியாகிவிட்டதா? தராசு அப்படியெல்லாம் தானாகச் சரியாகாது.

மெயில் அனுப்பவில்லை. சிலிண்டரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, புதன்

பனி குறைவு. காற்று.

மூன்று தடவை அளந்தேன். 72.8, 73.0, 72.9. தராசு நன்றாக இருக்கிறது. எப்போதுமே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அப்புறம் செய்யவே பயந்த வேலை. ஜனவரிக் கட்டிலிருந்து ஒரு கற்றாழை நாரை எடுத்துத் தராசில் தொங்கவிட்டுத் தண்ணீரில் முக்கினேன். நாரின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. அது இருக்கும்வரை தண்ணீர் நாரில் ஏறாது, எண்ணெய் தடவிய கையில் நிற்பதுபோல உருண்டு நிற்கும். மெழுகு போனால் ஏறும். தண்ணீர் ஏறும் நாரில்தான் பிசினும் பிடிக்கும். ஜனவரியில் ‘நன்றாக ஏறுகிறது’ என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து. இந்த நாரில் மெழுகு குறைவு, மெழுகைக் கரைக்கக் காஸ்டிக் சோடா நீரில் ஊறவைக்கத் தேவையில்லை என்று சாரிடம் சொன்னதும் நானே. ஊறவைத்தால் பத்து நாள் கூடும், புளி சீசன் வந்துவிடும் என்று அவருக்கு அவசரம். பாராட்டினார். இரண்டு நாள் மிதந்தேன்.

இன்று ஏறவில்லை.

இன்னும் ஐந்து நார் எடுத்தேன். ஒன்றிலும் ஏறவில்லை.

அந்த நாரில் செய்த பட்டைகள் பன்னிரண்டு. புளியமரம் ஏறுபவர்கள் இடுப்பைச் சுற்றிக் கிளையோடு மாட்டிக்கொள்ளும் பட்டை. தையல் கிடையாது, இரண்டு முனையையும் கொக்கியில் மடித்துப் பிசின் வைத்து ஒட்டியது. போன வாரம்தான் கொடுத்தோம். புளி உலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரும் மரத்தில்.

திருப்பத்தூரில் மெஷினில் இழுத்துப் பார்த்தபோது தாங்கியதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தாங்கியதுதான். காய்ந்த பட்டை, மூடிய அறை, ஒரே இழுப்பு. இங்கே தினமும் பனியில் நனைகிறது, பிழிகிற மாதிரி.

சாருக்குப் போன் செய்தேன். திருப்பத்தூரில் ஏதோ மீட்டிங், வெளியே வந்து பேசினார். தண்ணீர் அளவு சரியாக வந்தால் சந்தோஷப்படாமல் ஏன் அழுகிறாய் என்றார். இன்னொரு தடவை பார், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றார். சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மிச்சமிருந்த பட்டைத் துண்டு ஒன்றை வாசல் கம்பியில் போட்டிருக்கிறேன். ராத்திரி முழுக்கப் பனியில் கிடக்கட்டும்.

சாப்பிடவில்லை. தோசை மாவு புளித்துப் பொங்கி வழிந்து கிடக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

கம்பியில் போட்ட துண்டை எடுத்து ஒட்டியிருந்த இடத்தில் இழுத்தேன். என் கையாலேயே. வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. நார் சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டுப் பிசின் அதில் இல்லை. பிசினில் மட்டும் நாரின் தடம்.

துண்டை ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதினேன்.

பத்து மணிக்குக் குப்பம்மாக்கா வந்தார். காதுகுத்து வீட்டு அதிரசம் ஒரு டப்பா. குழந்தை அழவே இல்லையாம், மாமன்காரன்தான் அழுதானாம். நான் பாதிதான் கேட்டேன். அவர் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். பின்னாலேயே போய் நின்றேன். ஐந்து வாரத்தில் ஒரு நாளாவது இதைச் செய்திருந்தால்!

ஒரு ஈயச் சட்டியில் ஊறவைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீர். கடைசி அலசல் அதில். அப்புறம் வெள்ளைத் துணியில் கவிழ்த்து வெயிலில். இங்கே பட்டுப்புடவை, நகை, பித்தளை எதையும் பூந்திக்கொட்டையில்தான் கழுவுகிறார்கள். சோப்புபோலவே நுரைக்கும், காட்டிலேயே கிடைக்கிறது.

இது என்னக்கா என்று கேட்டேன்.

“நீங்கதான மேடம் சோப்பு, பவுடரு எதுவும் தொடக்கூடாதுன்னீங்க. அதான் இது. எங்க வூட்ல கொழந்தைங்க தலைக்குக்கூட இதான்.”

ஜனவரியில் சொன்னேன்தான். சோப்புப் படிந்தால் தண்ணீரின் இழுப்பு அளவு குறையும், சோப்புத் தண்ணீர் மெழுகு நாரிலும் ஏறிவிடும் என்பதால் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. ‘கூடாது’ என்று மட்டும் சொன்னேன், படித்தவள் அதிகாரத்தில். அவர் சொன்னபடியே கேட்டார். சோப்பைவிட உசத்தி என்று அவர் நினைப்பதைத் தேடிக் கொண்டுவந்து கழுவினார்.

அவர் கழுவிக் காயவைத்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அளந்தேன். 54.

அவரிடம் இனிமேல் நானே கழுவிக்கொள்கிறேன் அக்கா என்றேன். முகம் விழுந்துவிட்டது அவருக்கு.

மறுபடி சாருக்குப் போன். இந்த முறை சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், அதற்குள் பட்டையைத் திரும்ப வாங்கினால் திட்டமே போய்விடும் என்றார். மூன்று நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். “தப்பு அந்தக் கழுவுற அம்மா மேலதானே? ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது.”

‘சரி சார்’ என்று சொன்னேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. சொன்னேன்.

பயத்தில் இரண்டு வகை இருக்கிறது என்று இன்று தெரிந்தது. வேலை போய்விடுமோ என்பது ஒன்று. அது சாரின் போனோடு அடங்கிவிட்டது. யாராவது விழுந்துவிடுவார்களோ என்பது இன்னொன்று, அது அடங்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

லீவு எழுதி வைத்துவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். சாரிடம் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பட்டையில் நம்பர் அடிக்க வேண்டும், இரண்டு நாளில் தருகிறேன் என்று பொய். யாரும் சந்தேகப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில், பட்டை வந்தபிறகுதான் தன் மனைவி நிம்மதியாகச் சமைக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். போன வருஷம் அவர் அண்ணன் விழுந்து இடுப்பு போனது. ‘நல்லா இருப்பீங்க மேடம்’ என்றார் அவர் மனைவி. தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஒருவர் தர மறுத்தார். நம்பர் இல்லாமலே நன்றாக இருக்கிறதே என்றார். கெஞ்சி வாங்கினேன்.

என் நோட்டு வரிசைப்படி 1, 2, 3 – காலையில்.
4, 5, 6, 8 – மதியத்துக்குள்.
9, 10 – ஒரே வீடு, அண்ணன் தம்பி.
11, 12 – நாலரை மணி.

7 இல்லை. 7 காளியண்ணனுடையது. குப்பம்மாக்காவின் வீட்டுக்காரர்.

வீட்டுக்குப் போனேன். குப்பம்மாக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். காளியண்ணன் புதன்கிழமையே கலசப்பாக்கம் பக்கத்துச் சரிவில் ஒரு குத்தகைத் தோப்புக்குப் போய்விட்டாராம், அங்கேயே தங்கல். போன் எடுக்காது. “ஞாயித்துக்கெழம வந்துருவாரு. வந்ததும் நானே கொண்டாந்து தர்றேன். நம்பருதான மேடம், இன்னா அவசரம்?”

நம்பர்தானே. நான் சொன்ன பொய் என் வாயையே அடைத்துவிட்டது. ஆமாம் அக்கா என்று திரும்பிவிட்டேன்.

பாதி வழியில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். காலையிலிருந்து மோர் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை.

நாளைக்குப் போகிறேன். குப்பம்மாக்காவையும் கூட்டிக்கொண்டு. இங்கே பதினொரு பட்டை மூலையில் சுருண்டு கிடக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை, ஒரு சாக்கை எடுத்து மூடினேன்.

பிப்ரவரி 21, சனி

இன்று நடந்ததை முழுக்க எழுதிவிட வேண்டும்.

ஆறு மணிக்குக் குப்பம்மாக்காவை வண்டியில் ஏற்றினேன். பனி. முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. இறக்கத்தில் இரண்டாவது வளைவில் சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல தைரியம் இல்லை, அதனால்தான் வண்டியில். அந்தப் பட்டையின் ஒட்டு சரியில்லை அக்கா, நனைந்தால் விட்டுவிடும், நம்பர் என்று சொன்னது பொய். அவர் என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. சுடிதாருக்கு மேலேயே நகம் பதிந்தது. பூந்திக்கொட்டையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

தோப்பை அடைந்தபோது எட்டு மணி இருக்கும். கீழே நான்கு பெண்கள் புளி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். காளியண்ணன் உச்சிக் கவட்டில் காலை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் பட்டையில் சாய்த்து, இரண்டு கையாலும் துரட்டியைப் பிடித்து எட்டாத கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார். மூன்று ஆள் உயரம் என்று எழுதப் பார்க்கிறேன். அதற்கும் மேல்.

கத்த வாயைத் திறந்தேன். குப்பம்மாக்கா உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். மரத்தில் இருக்கும் ஆளைக் கீழேயிருந்து யாரும் கூப்பிடுவதில்லை இங்கே. திடுக்கிட்டுத் திரும்பினால் போச்சு. அடிமரத்தில் கல்லால் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். அவராகக் கீழே பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். புளி பொறுக்கிய பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்கும்.

குப்பம்மாக்கா தட்டினார். காளியண்ணனுக்குக் கேட்டது. கூழ் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். திரும்பிப் பார்க்காமலே, இன்னும் ஒரு கிளை என்று ஒரு விரலைக் காட்டிவிட்டு மேலும் வெளியே சாய்ந்தார்.

பட்டை கிறீச்சென்றது. அல்லது கிளையோ. தெரியாது. நான் அந்த ஒட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் வந்துவிட்டதே, காய்ந்திருக்கும், காய்ந்திருக்கும் என்று முணுமுணுத்தேன். பட்டையில் ஈரம் கருப்பாகத் தெரிந்தது. புளியம்பழம் சடசடவென்று தலையில் விழுந்தது. யாரும் நகரவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், ரேணுகாம்பாளை இரண்டு தடவை. விழுந்தால் எந்தப் பக்கம் விழுவார், ஆஸ்பத்திரிக்கு எத்தனை கிலோமீட்டர், என் ஸ்கூட்டியில் எப்படி ஏற்றுவது – இதையெல்லாம்கூட நினைத்துவிட்டேன்.

ஒருவழியாகக் கீழே பார்த்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, பட்டையைத் தட்டிக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்கிறார்.

குப்பம்மாக்கா குரலை உயர்த்தவே இல்லை. வீட்டில் சோறு போடக் கூப்பிடுகிற குரல். “கைய மரத்துல வையி. ரெண்டு கையும். அந்தப் பட்டைய நம்பாத. அப்டியே எறங்கு.”

காளியண்ணன் சிரிப்பை விட்டார். துரட்டியைக் கீழே போட்டார். கிளையைக் கட்டிப்பிடித்தார். அப்புறம் கொக்கியைக் கழற்றி இறங்கினார். கால் தரையில் பட்டபிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

குப்பம்மாக்கா தானே குனிந்து அவர் இடுப்பிலிருந்து பட்டையை அவிழ்த்தார். என் கையில் தரவில்லை. தரையில் போட்டார். நான்தான் பொறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போதுதான் சொன்னார்.

“இருவத்திரெண்டு வருசமா மரம் ஏறுறாரு மேடம். ஒரு நாளும் ரெண்டு கையையும் வுட்டது இல்ல. நீங்க இத குடுத்த பொறவுதான் வுடுறாரு.”

ஒட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் கால் அங்குலம் வாய் பிளந்திருந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

வெயில். பனியே இல்லை. தூங்கினேன், கெட்ட கனவு எதுவும் வரவில்லை. அதற்கே குற்ற உணர்ச்சி.

நாளைக்கு வருகிறவர்களிடம் கொடுக்க அறிக்கை எழுத வேண்டும். சார் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். பட்டைகள் என்னிடம் என்று தெரிந்துவிட்டது. முதல் தடவை கத்தினார். இரண்டாம் தடவை மெதுவாகப் பேசினார், அதுதான் அதிக பயம். கழுவும் அம்மாவின் பெயரைப் போட்டால் எல்லோருக்கும் நல்லது என்றார். ஒப்பந்தக் கூலிதானே, வேறு இடத்தில் வேலை பார்த்துக்கொள்வார் என்றார்.

எழுதுவதற்கு முன் ஒரு சோதனை மிச்சம். 7ஐ நனைத்து, மில்லுக்குப் பக்கத்துப் பலாக்கிளையில் மாட்டி, மணல் மூட்டையைத் தொங்கவிட வேண்டும். எத்தனை கிலோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது காளியண்ணனும் குப்பம்மாக்காவும் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. காளியண்ணன் மில் தராசில் தானே ஏறி நின்றார். 59. அவரே மணலை அள்ளிக் கொட்டி மூட்டை கட்டினார்.

மாட்டினோம். தாங்கியது.

ஐந்து நிமிடம். தாங்கியது. காளியண்ணன் பார்த்தீங்களா மேடம் என்றார். பத்து நிமிடம். எனக்குள் ஒரு ஆசை எழும்பியது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்: தாங்கட்டும், தாங்கிவிடட்டும், நான் செய்தது சரியாகிவிடட்டும் என்று. நேற்று அவர் உயிருக்கு வேண்டியதைவிட இன்று அதிகமாக வேண்டிக்கொண்டேன்.

சத்தமே இல்லாமல் ஒட்டு வழுக்கியது. முதலில் ஒரு விரற்கடை. அப்புறம் மொத்தமாக. மூட்டை விழுந்து வெடித்து மணல் என் கால்மேல் வந்தது. மேலே தொங்கிய முனையில் நார் சீவிவிட்ட தலைமுடி மாதிரி சுத்தமாக இருந்தது.

காளியண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மணலைப் பார்த்தபடியே இருந்தார்.

குப்பம்மாக்கா மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். நான்கைந்து பூந்திக்கொட்டை. “வியாழக்கெழம நான் கழுவுனத எடுத்து அளந்தீங்க. அன்னிலேர்ந்து என்னைய கிண்ணம் தொடவே வுடல. இதாலயா மேடம்?”

இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய்.

சொன்னேன். “இது தண்ணியோட அளவக் குறைச்சிருச்சுக்கா, நெசம்தான். ஆனா குறைஞ்சத அஞ்சு வாரமா நான் தெனமும் பாத்தேன். தராசு மேல பழியப் போட்டுக் கணக்க மாத்தி எழுதுனது நானு.”

அவர் கொட்டைகளைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டார். ரொம்ப நேரம் முடிந்தார்.

“பின்னாடிதான மேடம் கழுவிக்கினு இருந்தேன். எதுல கழுவுறன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னா?”

அவர்கள் போனபிறகு மேசை முன் உட்கார்ந்தேன். பட்டை எண் 7, ஈரம், 59 கிலோ, பதினான்கு நிமிடம். தவறு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்.